முத்திரையை விட்டு வெள்ளையடித்த ஊர்

கோவில்பட்டி பஸ் நிலையத்தில் காலை ஐந்தே முக்காலுக்கு விளாத்திகுளம் பஸ் கிளம்பியது. எழுபத்தெட்டாம் வருடம், தை மாதம், பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம். நான் லாரி ஆபீஸில் புக்கிங் பார்க்கிறவன். ஊர் பார்க்கிற ஆசையில் கிளம்பவில்லை. புதூருக்குக் கிழக்கே ஓடைக்கரைப்பட்டியில் என் தங்கை செண்பகத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவளுக்கு எட்டாம் மாதம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைக்காய்ச்சல் அடிக்கிறது என்று முதல் நாள் சாயங்காலம் ஒரு ஆள் வந்து சொன்னார். மாப்பிள்ளை ராமேஸ்வரம் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அவளைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரத்தான் போனேன். அந்தப் பக்கம் போகாதவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். போகிற பாதையைச் சொல்கிறேன். அங்கே பார்த்ததையும் சொல்கிறேன்.

விளாத்திகுளத்துக்கு டிக்கெட் ஒன்று எண்பது. எட்டயபுரம் ஒன்பது மைல். அதுவரை ரோடு நன்றாக இருக்கிறது. அதற்கு அப்பால் பஸ் குதிக்கிறது. இரண்டு பக்கமும் கரிசல். கம்பு அறுத்த தட்டை, பூக்கிற கொத்தமல்லி, முழங்கால் உயரப் பருத்தி. நடுநடுவே சீமைக் கருவேல். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு மேடு கிடையாது. மழையை நம்பி விதைத்து மழையை நம்பி அறுக்கிற பூமி. அந்த வருடம் மழைக்குக் குறைவில்லை. ஓடைகளில் தை மாதத்திலும் தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீரைப் பார்த்தால் சந்தோஷப்படுகிற ஊர்க்காரன்தான் நானும். அன்றைக்குக் கொசுதான் நினைவுக்கு வந்தது, சந்தோஷம் வரவில்லை.

விளாத்திகுளத்தில் பஸ் மாறினேன். புதூர் பன்னிரண்டு மைல். பக்கத்தில் புதூர்க் கடைக்காரர் காதர் பாய் உட்கார்ந்தார். மிளகாய் வற்றல் வாங்கி விற்கிறவர், ஊர் ஊராகப் போகிறவர்.

"எங்கன போறிய?"

"ஓடைக்கரைப்பட்டி."

"யாருக்குக் காய்ச்சல்?" என்றார். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. யாருக்குக் காய்ச்சல் என்று நேராகக் கேட்டார்.

தங்கைக்கு என்றேன்.

"அந்த ஊர்ல சந்தைக்கு நாள் குறிக்க மாதிரி காய்ச்சலுக்கும் நாள் குறிச்சிருக்காவ. இன்னைக்கு மேலத் தெரு நடுங்கும், நாளைக்குக் கீழத் தெரு. ஒரு வீட்டுக்கு ஒரு கம்பளி இருந்தாப் போதும். முறை வச்சுப் போத்திக்கிடலாம்."

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மருந்து அடிக்கலையா பாய்?"

"ஏன் அடிக்கல? மார்கழிலேயே வந்து அடிச்சிட்டுப் போய்ட்டாவ. ஜீப்பு, பம்பு, காக்கிச் சட்டை, ஒரு குறை கிடையாது. வீட்டுக்கு வீடு முத்திரையும் போட்டாச்சு. காய்ச்சலும் ஒரு குறை இல்லாம இருக்கு."

ஒன்பது மணிக்குப் புதூரில் இறங்கினேன். ஒரு டீ குடித்தேன். அங்கிருந்து ஓடைக்கரைப்பட்டி கிழக்கே நாலு மைல். பஸ் கிடையாது. வண்டிப்பாதை மட்டும்தான். இரண்டு நாள் முன்னால் பருவம் தப்பின மழை ஒன்று பெய்திருந்தது. நனைந்த கரிசலில் நடக்காதவனுக்கு அது புரியாது. செருப்பைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் காலோடு ஒரு படி மண் வருகிறது. உதறினால் போகாது. குச்சியால்தான் வழிக்க வேண்டும். வழித்த இடத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பாதி வழியில் ஓடை இறக்கத்தில் ஒரு சர்க்கார் ஜீப் அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. டிரைவர் கீழே நின்று சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கண்ணாடி போட்ட ஒருவர் பேண்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு கை குடுங்க. புண்ணியமாப் போவும்" என்றார் டிரைவர்.

"சர்க்கார் வண்டியத் தள்ளினா புண்ணியம் எங்க கிடைக்கும்? சகதிதான் கிடைக்கும்."

"அது எனக்குத் தினமும் கிடைக்கு. இன்னைக்கு ஒமக்குப் பாதி."

பக்கத்துப் புஞ்சையிலிருந்து கம்பந்தட்டையை இரண்டு கட்டு இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தோம். கண்ணாடிக்காரரும் இறங்கித் தள்ளினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். சட்டையெல்லாம் சேறாகிவிட்டது, முகம் சுளிக்கவில்லை. வண்டி ஏறியது. நான் எந்த ஊர் என்று கேட்டு, அங்கேதான் போகிறோம், ஏறுங்கள் என்றார்.

அவர் மலேரியா ஒழிப்பு வேலையைச் சோதிக்க மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி. டிரைவர் பெயர் ஆறுமுகம், பாளையங்கோட்டைக்காரர். பின்னால் எனக்குப் பக்கத்தில் ஒரு பீப்பாய். மேலே வெளிநாட்டு எழுத்து. மூடி இடுக்கில் வெள்ளைத் தூள். காட்டமான வாடை. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"கப்பல்ல வருது. இது உலகத்துல பல நாடு சேர்ந்து செய்யற வேலை. மருந்துல ஒரு பகுதியை அவங்க தராங்க. நம்ம கவர்மென்ட் தன் பங்குக்குப் பணம், ஆள், வண்டி எல்லாம் போடுது. ஒரு காலத்துல இந்தக் காய்ச்சல் ஏறக்குறைய ஒழிஞ்சே போச்சு. அசந்துட்டோம். திரும்பி வந்துடுச்சு. இப்ப மறுபடி முதல்லேர்ந்து."

"நீங்க என்ன செய்யப் போறிய?"

"அடிச்ச வீட்டை எண்ணுவேன். கணக்கு மெட்ராஸ் போகும், டெல்லி போகும், அங்கிருந்து வெளிநாடு போகும்."

"எண்ணினாக் காய்ச்சல் போயிருமா சார்?"

ஆறுமுகம் இருமினார். அதிகாரி கோபப்படவில்லை. "எண்ணலைன்னா அடுத்த வருஷம் மருந்து வராது" என்றார். அது நியாயமான பதில்தான். எனக்குத்தான் நியாயம் கேட்கிற மனசு அப்போது இல்லை.

பத்தரை மணிக்கு ஓடைக்கரைப்பட்டி. அறுபது வீடு இருக்கும். மண் சுவர், கூரையும் ஓடும் கலந்து. அத்தனை சுவரும் கொக்கு நிறத்தில் பளீரென்று இருந்தது. அடியில் காவிப் பட்டை. கறுத்த பூமியின் நடுவில் அப்படி ஒரு வெள்ளையைப் பார்த்தால் கண் கூசும். ஒவ்வொரு வீட்டு வாசல் பக்கத்திலும் ஒரு முழ அளவில் ஒரு கட்டம். அதற்குள் எழுத்து வெட்டின தகட்டை வைத்துக் கறுப்பு மையில் அடித்த எழுத்து: மருந்தின் பெயர், தேதி, நம்பர். கட்டத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது.

அதிகாரி நின்றுவிட்டார். "மத்த ஊர்ல முத்திரையைச் சுரண்டிடுவாங்க, சாணி மெழுகிடுவாங்க. இங்க பாருங்க, ஒரு வீட்டுல அழியல. பொட்டு வேற வச்சிருக்காங்க" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தெருவில் நின்றபடியே எண்ண ஆரம்பித்தார். பெண்கள் இருக்கிற வீட்டுக்குள் செருப்போடு நுழைகிற ஆள் இல்லை அவர். நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கம்தான் அவரை எந்த வீட்டுக்குள்ளும் போகவிடவில்லை.

நான் தங்கை வீட்டுக்குள் போனேன்.

செண்பகத்துக்கு அன்றைக்கு முறை நாள். தரையில் பாயில் கிடந்தாள். மேலே கம்பளி, அதற்கு மேலே இரண்டு பருத்திச் சாக்கு. அதற்கும் மேலே அவள் மாமியார் வயிற்றில் பாரம் படாமல் குறுக்கே கவிழ்ந்து, தோளையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படியும் நடுக்கம் அடங்கவில்லை. பல்லோடு பல் அடிக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. பக்கத்துத் தகரப் பெட்டி அந்த நடுக்கத்தில் கூடவே கிடுகிடுத்தது.

"வாங்க மருமவனே" என்றாள் மாமியார், பிடியை விடாமல்.

"இவளக் கூட்டிட்டுப் போறேன் அத்தை."

"எங்க?"

"கோவில்பட்டிக்கு. ஆஸ்பத்திரிக்கு."

"எட்டாம் மாசம். எல்லை தாண்டக் கூடாது. ஒம்பது பிறக்கட்டும், நானே கொண்டாந்து விடுதேன்."

"அதுவரைக்கும் இருந்தால்லா கொண்டாந்து விடுவிய? மாசமாம் மாசம். மாசம் பாத்தா காய்ச்சல் அடிக்கு?"

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "எம் மவள எட்டாம் மாசம் இப்படித்தான் வண்டில ஏத்தினேன். நாகலாபுரம் தாண்டல. மடியில வச்சுத் திருப்பிக் கொண்டாந்தேன். மாசத்தப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்."

மாடக்குழியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. சைக்கிளில் வருகிற சுகாதார ஆள் கொடுத்த மாத்திரை. பிரிக்கவே இல்லை. ஏன் என்றேன்.

"வேம்பாக் கசக்குமாம். கசப்பு வயித்துக்குள்ள போனாப் பிள்ள தங்காது."

திட்ட வாயைத் திறந்தேன். கம்பளிக்குள்ளிருந்து செண்பகம் பேசினாள். "அண்ணே, அத்தைய ஏசாத. அவிய மூணு நாளாத் தூங்கல."

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்து அவளுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. மாமியார் சாக்குகளை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, தண்ணீர் கொண்டுவர எழுந்தவள், "சட்டையத் திருப்பிப் பாருங்க, முதுகு பூரா சுண்ணாம்பு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். என் முதுகு அச்சு சுவரில் இருந்தது. விரலால் தேய்த்தேன். சுண்ணாம்பு. நகத்தால் கீறினேன். ஒரு பூச்சு, அதற்கடியில் இன்னொரு பூச்சு. அதற்கும் அடியில்தான் மண். ஜீப்பில் பீப்பாய்க்குப் பக்கத்தில் இரண்டு மைல் உட்கார்ந்து வந்தவன் நான். அந்த வாடை இந்த வீட்டில் எங்கேயும் இல்லை. வெளியே ஓடினேன். வாசல் கட்டத்துக்குள் மட்டும் மண் சுவர் அப்படியே இருந்தது. அதன் மேல் சாம்பல் பூத்த மாதிரி மருந்து படிந்திருந்தது. குனிந்தேன். பீப்பாய் வாடை.

"அத்தை, பொங்கலுக்கு வெள்ளையடிச்சியளா?"

"பின்ன? இது என்ன எழவு விழுந்த வீடா, அடிக்காமப் போட? உள்ளயும் வெளியயும் ரெண்டு பூச்சு."

"மருந்து அடிச்சப் பொறவா?"

"ஆமா. அவிய வந்துட்டுப் போயி நாலஞ்சு நாள்ல பொங்கல்."

"அப்ப இந்தக் கட்டம்?"

அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "இத அழிக்கக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டுப் போனாவ. சர்க்கார் எழுத்துல்லா. ஊர்ல எல்லாருக்கும் சொல்லி வச்சோம். நான் முறத்த வச்சு மறைச்சுக்கிட்டு அடிச்சேன். ஒரு சொட்டு அதுமேல படல, பாருங்க."

அறுபது வீட்டிலும் அப்படித்தான். எழுத்தை அழிக்காதே என்றால் அழிக்க மாட்டார்கள். சுவரைத் தொடாதே என்று சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஊர் அது.

அதிகாரி மூன்று வீடு தள்ளி நின்றிருந்தார். போய்க் கையைப் பிடித்தேன். சர்க்கார் அதிகாரியின் கையைப் பிடித்து இழுக்கிறோம் என்கிற நினைப்பே இல்லை.

"உள்ள வாங்க சார்."

"பொம்பளைங்க..."

"பரவால்ல, வாங்க. செருப்போடயே வாங்க."

சுவரில் என் முதுகு விட்ட அச்சைக் காட்டினேன். கீறின இடத்தைக் காட்டினேன். பாயில் கொதிக்கிற தங்கையைக் காட்டினேன். "இத எண்ணிட்டியளா? இந்த வீடு ஒங்க கணக்குல வந்தாச்சா?"

அவர் சுவரை உள்ளங்கையால் தடவினார். கையைப் பார்த்தார். அடுத்த சுவரைத் தடவினார்.

"பொங்கலுக்கு வெள்ளையடிப்பாவன்னு மெட்ராஸ்ல யாருக்கும் தெரியாதா?"

"தெரியும்" என்றார் மெதுவாக. "எங்க வீட்டுலயும் அடிச்சோம்."

"அப்புறம் எதுக்கு மார்கழில வந்து அடிச்சிய?"

"மருந்து வந்து சேர்ந்ததே அப்பத்தான். வந்ததும் அடிச்சு முடிக்கணும்னு உத்தரவு."

எந்த நாட்டிலோ அடைத்து, கப்பலில் ஏற்றி, ரயிலில் ஏற்றி, கரிசலில் புதைந்த ஜீப்பைத் தள்ளி, இந்த வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. உலகம் அதன் பங்கைச் செய்தது. டெல்லி அதன் பங்கைச் செய்தது. இவ்வளவு தூரம் வந்தது ஒரு சுண்ணாம்புப் பூச்சின் கனத்தைத் தாண்டவில்லை. ஊர்க்காரியிடம் ஒரு நிமிடம் நின்று, அம்மா, சுவரில் இருப்பதுதான் மருந்து, அதன் மேல் உட்கார்ந்தால்தான் கொசு சாகும், வாசலில் இருப்பது வெறும் எழுத்து என்று சொல்ல ஒரு ஆளுக்கு நேரம் இல்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

மாமியார் தண்ணீர்ச் செம்போடு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப இந்த எழுத்துல மருந்து இல்லையா?" என்றாள் அதிகாரியைப் பார்த்து.

"இல்லம்மா. அது அடையாளம் மட்டும்."

"சுவத்துல இருந்ததத்தான் நான் மூடிட்டேனா?"

அவர் சுண்ணாம்பு ஒட்டின உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவள் செம்பைக் கீழே வைத்தாள். மாடக்குழிக்குப் போய்ப் பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இதையாவது வெவரமாச் சொல்லுங்க. பிள்ளைக்கு ஆவுமா, ஆவாதா?"

"மாத்திரையால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. காய்ச்சலாலதான் ஆகும்."

அவளே பொட்டலத்தைப் பிரித்தாள். எத்தனை என்று கேட்டாள். செண்பகத்தின் தலையைத் தூக்கி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "எல்லை கில்லை ஒண்ணும் பாக்க வேண்டாம். தூக்குங்க மருமவனே. நானும் வாரேன்."

அதிகாரிக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு ஊர் பாக்கி இருந்தது. ஆறுமுகம் அதை ஞாபகப்படுத்தினார். "அந்த ஊரும் வெள்ளையடிச்சுத்தான் இருக்கும். வண்டியை எடு" என்றார் அதிகாரி.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். ஜீப் பின்பக்கத்தில் சாக்கை விரித்துச் செண்பகத்தைப் படுக்க வைத்தோம். மாமியார் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி குதிக்கும்போதெல்லாம் இன்னொரு கையால் அந்த மருந்துப் பீப்பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நாகலாபுரம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். ஊர் தாண்டின பிறகும் திறக்கவில்லை.

"தாண்டியாச்சு அத்தை" என்றேன்.

"சும்மா இரிங்க" என்றாள்.

எட்டயபுரத்தில் சோடா வாங்க நிறுத்தியபோது அதிகாரி என்னிடம், "எண்ணின கணக்கைக் கோடு போட்டு அடிச்சுட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதறேன்" என்றார். எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை.

மூன்று மணிக்குள் கோவில்பட்டி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கியது. ஆனால் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. ஆண் பிள்ளை. டாக்டர் அம்மா, முன்னாலேயே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். மாமியார் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். அழவில்லை. செண்பகம் பிழைத்தாள். மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருந்துவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருடம் தங்கைக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டு போனேன். அதே பஸ், அதே நாலு மைல். மழை குறைவு, பாதை காய்ந்து வெடித்திருந்தது. மருந்து அடித்தாயிற்றா என்று வழியில் விசாரித்தேன். அடித்தாயிற்று. எப்போது? மார்கழியில். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால். மெட்ராஸுக்கு எழுதியது எங்கே போய்ச் சேர்ந்ததோ. முத்திரையை அழிக்கக் கூடாது என்று இந்தத் தடவையும் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

ஊர் போன வருடம் மாதிரியே பளீரென்று இருந்தது. இந்த வருடம் வெள்ளையடிக்காதீர்கள், மருந்து மூடிப்போகும் என்று அத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு எழவு வீடு, எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்று சொல்லி எல்லாரும் அடித்துவிட்டார்கள். காவிப் பட்டை, கட்டம், கட்டத்துக்குள் சர்க்கார் எழுத்து, நாலு மூலையிலும் குங்குமம்.

தங்கை வீடு மட்டும் தெருவில் கறுத்து நின்றது. வெள்ளையும் இல்லை, காவியும் இல்லை. வெறும் மண் சுவர், சாம்பல் பூத்த மாதிரி மருந்து படிந்து. உள்ளே எட்டிப் பார்த்தேன், அங்கேயும் அப்படியே. வாசல் பக்கத்தில் அந்த ஒரு முழக் கட்டத்துக்கு மட்டும் அத்தை சுண்ணாம்பு அடித்திருந்தாள், இரண்டு பூச்சு, ஒரு எழுத்து தெரியாமல்.